இன்ச் டேப்பும் மயில்மாணிக்கமும்

தையல் மிஷினுக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பால்கனிக் கம்பி. அந்தக் கம்பியிலிருந்து தரைக்கு ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டியிருக்கிறேன். போன பருவத்தில் அந்தக் கயிற்றில் ஏறிய மயில்மாணிக்கக் கொடியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

விதை போட்ட அன்றே மகள் கேட்டாள்: "இது எவ்வளவு உயரம்மா வளரும்?"

விதைப் பொட்டலத்தில் 20 அடி வரை என்று அச்சிட்டிருந்தது. அதை அவளிடம் வாசித்தும் காட்டினேன். ஆனால் எனக்கே திருப்தி இல்லை. அளவு எடுப்பதுதான் என் தொழில். ஒரு ரவிக்கைக்கே பத்துப் பன்னிரண்டு இடத்தில் டேப் பிடிக்கிறவள் நான். ஓர் உயிருள்ள செடிக்கு "20 அடி வரை" என்ற ஒற்றை அளவு எப்படிப் போதும்? "அளந்து பார்த்துடலாம்டி" என்றேன். அன்று முதல் ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு டேப்பும் நோட்டுமாக அதன் முன்னால் நின்றேன்.

மயில்மாணிக்கத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இலை இறகு போல இருக்கும். நடு நரம்புக்கு இரு பக்கமும் நூல் நூலாகக் கிழிந்திருக்கும். ஒரே இலையில் பக்கத்துக்குப் பதினைந்து இழை எண்ணியிருக்கிறேன். பூ நல்ல ரத்தச் சிவப்பு. மூன்று சென்டிமீட்டர் நீளக் குழல், அதன் முனையில் ஐந்து முனை நட்சத்திரம். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும்கூட வரும். சொந்த மண் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்து வகைப்படுத்திய லின்னேயஸ் 1753-லேயே இதைப் பட்டியலில் சேர்த்துவிட்டார். இன்றைய அறிவியல் பெயர் ஐப்போமியா குவாமோகிளிட். ஐப்போமியா என்றால் கிரேக்கத்தில் புழுவைப் போன்றது என்று பொருள். நெளிந்து நெளிந்து போகும் தண்டைப் பார்த்து வைத்த பெயர். சர்க்கரைவள்ளியும் இதே பேரினம்தான்.

முக்கியமான விஷயம், இது ஒரே பருவத்துக் கொடி. முளைத்து, ஏறி, பூத்து, காய்த்து, அந்தப் பருவத்துக்குள்ளேயே காய்ந்துவிடும். மரத்தைப் போல அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட அதற்கு நாள் கிடையாது.

முதல் தடவை ஆறு விதையை அப்படியே மண்ணில் அழுத்தி வைத்தேன். இரண்டு வாரத்தில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. விதையின் தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. இரண்டாம் தடவை நகவெட்டியால் ஒவ்வொரு விதையிலும் ஒரு ஓரத்தைத் துளி கிள்ளினேன். விதையில் சின்னதாய் ஒரு தழும்பு இருக்கும், அது செடியோடு ஒட்டியிருந்த இடம். அதற்கு எதிர்ப்பக்கம் கிள்ள வேண்டும். உள்ளே வெள்ளை தெரிந்தால் போதும். பிறகு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டேன். காலையில் உப்பிப் பருத்திருந்தன. ஐந்தாம் நாள் நான்கு முளைகள் மண்ணை நிமிர்த்திக்கொண்டு வந்தன. (இந்த இன விதைகளை வாயில் போடக்கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எடுத்து மறைத்து வையுங்கள்.)

முளையில் முதலில் விரியும் வித்திலைகளைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒவ்வொன்றும் நடுவில் ஆழமாகப் பிளந்து இரண்டு நீளக் கால்களாக விரிந்திருந்தது. திறந்த கத்தரிக்கோல் இரண்டை எதிரெதிரே வைத்தது போல. இறகு இலைகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

நான்கில் ஒன்றைப் பெரிய தொட்டியில் விட்டேன். ஒன்று, ஒரு லிட்டர் மண்கூடப் பிடிக்காத சின்னத் தொட்டியில். மூன்றாவதைத் தொட்டி மாற்றி நட்டபோது வேர் அறுந்து, அது ஒரு வாரம் முகம் சுளித்தபடியே நின்றது, பிறகு தேறவேயில்லை. வேரைத் தொட்டால் இந்தக் கொடிக்குப் பிடிக்காது. எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதைத்துவிடுவதுதான் சரி. நான்காவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெரிய தொட்டிக் கொடியின் கணக்கு இது. பத்தாம் நாள் 4 சென்டிமீட்டர். இருபதாம் நாள் 11. மகள் அலுத்துப்போய், "இது குட்டைச் செடிம்மா" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். அந்த நாட்களில் வேலையெல்லாம் மண்ணுக்கடியில் நடக்கிறது. மேலே ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். இந்த இருபது நாளில் பொறுமை இழந்து உரத்தைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம்.

முப்பதாம் நாள் 38. நாற்பதாம் நாள் 102. ஐம்பதாம் நாள் 181. முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் ஒவ்வொரு காலையும் நான் டேப்பை நம்பாமல் இரண்டு முறை பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு புழுக்கமான ராத்திரி தாண்டிய காலையில், முந்தைய நாள் குறியிலிருந்து 11 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. மணிக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று மில்லிமீட்டர்கூடப் பருமன் இல்லாத ஒரு தண்டு ஒரே நாளில் உள்ளங்கை அகலம் நீளுவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

எப்படி முடிகிறது என்றால், அது தன்னைத் தானே தாங்கிக்கொள்வதில்லை. மரம் தன் சத்தில் பெரும்பகுதியைக் கட்டைக்கே செலவழிக்கிறது, விழாமல் நிற்பதற்காக. கொடிக்கு அந்தச் செலவு இல்லை. நிற்கும் பொறுப்பைக் கொழுகொம்பிடம் ஒப்படைத்துவிட்டு, உள்ளதையெல்லாம் நீளத்துக்கும் இலைக்கும் போடுகிறது. நுனிக்குக் கீழே இருக்கும் இளந்தண்டு முதலில் நீள்கிறது, இலைகள் பின்னால்தான் விரிகின்றன. அதனால் உச்சியில் ஒரு சாண் நீளத்துக்கு ஏறக்குறைய வெறும் தண்டு மட்டும் காற்றில் தேடிக்கொண்டிருக்கும்.

அந்தத் தேடலைத்தான் நான் நெருங்கிப் பார்த்தேன். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாடுகிறதோ என்று பயந்து தண்ணீர் ஊற்றினேன். ஒரு கைக்குழி தைத்து முடித்து நிமிர்ந்தால், நுனி வேறு பக்கம் சாய்ந்திருந்தது. இன்னொரு கை தைத்துவிட்டு நிமிர்ந்தால் இன்னும் வேறு பக்கம். மிஷினை நிறுத்திவிட்டு, தொட்டிக்கடியில் பேட்டர்ன் வெட்டும் காகிதத்தை விரித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நுனிக்கு நேர் கீழே சாக்பீஸால் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தால் கோணல்மாணலாக ஒரு வட்டம். முழுச் சுற்றுக்கு ஆன நேரம் ஒன்றே முக்கால் மணி. தண்டின் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக நீள, தண்டு மறுபக்கம் சாய்கிறது. கூடுதலாக நீளும் பக்கம் தண்டைச் சுற்றி நகர்ந்துகொண்டே வர, நுனியும் வட்டமடிக்கிறது.

டார்வின் உடம்பு முடியாமல் அறைக்குள் கிடந்த நாட்களில் பக்கத்தில் ஹாப்ஸ் கொடித் தொட்டியை வைத்துக்கொண்டு இதையேதான் ராப்பகலாகப் பார்த்தாராம். 1865-ல் அதை வெளியிட்டார். வெயில் நாளில் ஹாப்ஸ் ஒரு சுற்று முடிக்கச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் என்று அவர் கணக்கு. இன்னொரு கொடி, செரோப்பீஜியா வகை, ஐந்தடிக்கு மேல் விட்டமுள்ள வட்டம் போட்டதையும் அளந்திருக்கிறார். படித்தபோது, சாக்பீஸும் கையுமாக உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம் எனக்கு இன்னும் பெரியதாகத் தெரிந்தது.

ஒரு தப்பு செய்தேன். நுனி கயிற்றைத் தொடாமல் தொடாமல் போனதைப் பார்த்துப் பொறுக்காமல், நானே எடுத்துக் கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டேன், நூல்கண்டில் நூல் சுற்றுகிற மாதிரி, வலஞ்சுழியாக. மறுநாள் காலை வந்து பார்த்தால் மூன்று சுற்றும் கழன்று, தண்டு தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கொடி மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகத்தான் சுற்றும். கொடிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். ஹாப்ஸ் மாதிரி சிலதுதான் வலஞ்சுழி. அதன் போக்கிலேயே இடப்பக்கமாக ஒரே ஒரு சுற்று எடுத்துவைத்தேன். சாயங்காலத்துக்குள் தானே இன்னொரு சுற்றுப் போட்டு இறுக்கிக்கொண்டது. இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது, வேரால் ஒட்டிக்கொள்வதும் கிடையாது. சுற்றுவது ஒன்றுதான் பிடி. ஆகவே வழுவழுப்பான குழாயில் சறுக்கிவிடும், பருத்த தூணைக் கட்டிப்பிடிக்க முடியாமல் தடுமாறும். கைக்கட்டை விரலைவிட மெலிந்த, சொரசொரப்பான கயிறோ குச்சியோதான் வேண்டும்.

டேப்பால் தொட்டு அளப்பதை முப்பதாம் நாளோடு நிறுத்திவிட்டேன். அடிக்கடி தொடுவதே செடியைக் குட்டையாக்கும். காற்றில் ஆடும் செடியும் தினம் கை படும் செடியும் உயரத்தைக் குறைத்துக்கொண்டு தண்டைக் கெட்டியாக்குகின்றன. அளக்கிறவள் கையே அளவைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு கயிற்றுக்குப் பின்னால் சுவரில் நுனி உயரத்தில் சாக்பீஸ் கோடு மட்டும் போட்டேன். அந்தச் சுவரில் அறுபது நாள் வரை ஏணிப்படி மாதிரி கோடுகள் இருந்தன. கீழே நெருக்கமாக, நடுவில் அகல அகலமாக. கோடு 150-ஐத் தாண்டிய நாள் என் டேப் தீர்ந்துபோனது. இரண்டாவது டேப்பைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தினேன்.

ஐம்பத்தைந்தாம் நாள் முதல் பூ. முந்தின நாள் மாலை மொட்டு, மடக்கிச் சுற்றிய குடை போல முறுக்கிக்கொண்டு நின்றது. காலையில் முறுக்கு அவிழ்ந்து நட்சத்திரம். மத்தியானத்துக்குள் ஓரம் சுருங்கத் தொடங்கியது. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான். ஆனால் அடுத்த நாளைக்கு இரண்டு, அதற்கடுத்து ஐந்து. அதன் சொந்த மண்ணில் ஓசனிச்சிட்டுகள் (ஹம்மிங்பேர்டு) வந்து தேன் குடிக்கும் பூ இது. அந்தச் சிவப்பும் நீளக் குழலும் அவற்றுக்காகத்தான். அந்தப் பறவை இல்லாத இடத்திலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடித்துவிடுகிறது.

சின்னத் தொட்டிக் கொடி என்ன ஆயிற்று என்றால், அது பதினோரு நாள் முந்திக்கொண்டு, நாற்பத்து நான்காம் நாளே பூத்துவிட்டது! உயரம் கடைசி வரைக்கும் 92 சென்டிமீட்டர். ஒரே பொட்டலம், ஒரே நாள் விதைப்பு, ஒரே வெயில். வேருக்கு இடம் இல்லையென்றானதும் இருப்பதற்குள் பூத்து விதையாக்கிவிட்டது. அதைக் குறைபட்ட செடி என்று என்னால் சொல்ல முடியவில்லை. பூவின் அளவில் ஒரு மில்லிமீட்டர் குறைவில்லை. மூன்றடி அளவில் அடக்கமாக ஒரு கொடி வேண்டுமென்பவர்கள் தொட்டியைச் சிறியதாக்கினாலே போதும், வெட்டிக் குறைக்க வேண்டியதில்லை.

நான்காவது செடிக்கு அக்கறை மிகுதியில் தழைச்சத்து அதிகமுள்ள உரம் இரண்டு முறை கொடுத்தேன். பச்சைப்பசேல் என்று கம்பியை மூடியது. பூ விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். இலைக்கு இத்தனை வசதி கிடைக்கும்போது அது பூக்கும் நாளைத் தள்ளிப்போடுகிறது. இந்த வகைக் கொடிகளுக்கு நடுத்தர மண்ணும் நிறைய வெயிலும்தான் ஏற்றது.

இதற்கு உறவான ஐப்போமியா நில் என்ற கொடியில் இன்னும் ஆச்சரியமான ஒன்று உண்டு. அதன் வயலட் என்னும் ரகத்தில் வித்திலை மட்டும் விரிந்த நாற்றை ஒரே ஒரு நீண்ட இரவு, சுமார் 16 மணி நேர இருட்டில் வைத்தாலே பூவுக்குத் தயாராகிவிடும். சுவரேற வேண்டிய கொடி விரலளவிலேயே மொட்டு வைக்கும். செடி பூப்பதற்கு இருட்டின் நீளத்தை எப்படிக் கணக்கிடுகிறது என்று ஆராய்ந்தவர்கள் பல பத்தாண்டுகளாக அந்த நாற்றைத்தான் வைத்துப் பார்த்தார்கள். நாள் நீளமாக இருக்கும் பருவத்தில் முளைத்தால் அதே கொடி ஏறிக்கொண்டே போகும். அப்படியென்றால் உயரத்தை முடிவு செய்வது விதையும் மண்ணும் மட்டுமில்லை, எந்த நாளில் விதைத்தோம் என்பதும்தான்.

அறுபதாம் நாள் என் கொடி கயிற்றின் உச்சியைத் தொட்டது, 240 சென்டிமீட்டர். மேலே பிடிக்க எதுவும் இல்லை. நுனி இரண்டு நாள் காற்றில் வட்டமடித்துப் பார்த்துவிட்டுத் தன் கனத்தாலேயே தலைகீழாகத் தொங்கிவிட்டது. நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நாலாம் நாள் தண்டு வளைந்த அந்த முழங்கை இடத்தில், இலைக் கக்கத்திலிருந்து ஒரு பச்சை முனை. அடுத்த வாரம் அது ஒரு சாண் கிளை. நுனி மேல்நோக்கி இருக்கும்வரை கீழேயுள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி தலைகீழானால் அந்தப் பிடி தளர்ந்து, வளைவில் உச்சியாக இருக்கும் மொட்டு விழித்துக்கொள்ளும். ஐப்போமியா நில்லிலும் இது நன்றாகத் தெரிந்த சங்கதி. இளமையிலேயே நுனியைக் கிள்ளிவிட்டால் அடர்த்தியாகக் கிளைப்பதும் இதனால்தான். வேலியை மறைக்க வேண்டுமென்றால் ஒரு சாண் உயரத்தில் கிள்ளுங்கள். உயரம் வேண்டுமென்றால் தொடாதீர்கள்.

பிறகு கிளைகள் கிளைகளாக வந்தன. தொங்கிய நுனியும் தரையை நோக்கிக் கொஞ்சம் நீண்டது. கயிறு தெரியவில்லை, பச்சை இறகால் செய்த தூண் மாதிரி நின்றது. ஒரு காலையில் 63 பூ எண்ணினேன். மகள் திரும்ப எண்ணி 65 என்றாள். அவள் சொன்னதையே நோட்டில் எழுதினேன்.

பிறகு அடியிலிருந்து மஞ்சளிக்கத் தொடங்கியது. இலைகள் கீழிருந்து மேலாக உதிர்ந்தன, மேலே கடைசிப் பூக்கள் இருக்கும்போதே. காய்கள் பழுப்பாகிக் காகிதம் போல் உலர்ந்தன. ஒவ்வொரு காயையும் நசுக்கினால் பெரும்பாலும் நான்கு விதை. உதிர விட்டால் சுற்றி எங்கும் முளைத்துவிடும். வெப்பமான பல நாடுகளில் இது களையாகத் திரிவதும் அப்படித்தான், அதனால் காய் வெடிக்கும் முன்பே பறித்துவிட்டேன்.

காய்ந்த கொடியை வெட்டிப் போட மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மகளும் கயிற்றை அவிழ்த்துத் தரையில் கிடத்தி, கொடியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தோம். தண்டு கம்பி போல் விறைத்திருந்தது, ஒடிந்துவிடாமல் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டோம். 34 சுற்று. நேராக்கி, இரண்டு டேப்பையும் சேர்த்துப் பிடித்தோம். 240 சென்டிமீட்டர் கயிற்றில் ஏறியிருந்த தண்டு 265 இருந்தது!

"சுவர்ல 240 தானேம்மா போட்டிருந்தீங்க? 25 எங்கேருந்து வந்துச்சு?"

துணியைக் குறுக்காகப் பிடித்துக் காட்டினேன். நேர் இழையில் மடித்தால் ஒரு நீளம், கோணல் வாக்கில் மடித்தால் அதைவிடக் கூடுதல். கயிற்றைச் சுற்றிப் போகும் தண்டு கோணலாகத்தான் ஏறுகிறது. ஒரு சுற்றுக்கு 7 சென்டிமீட்டர் உயரம் ஏற, கயிற்றைச் சுற்றி ஏறக்குறைய 3.3 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போயாக வேண்டும். அந்தக் கோணலின் நீளம் 7.7. சுற்றுக்கு முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுகிறது, 34 சுற்றுக்கு 25. கயிறு இன்னும் பருமனாக இருந்திருந்தால் அதே உயரத்துக்கு இன்னும் நீளம் செலவாகியிருக்கும். அதனால்தான் மெல்லிய கயிற்றில் ஏறும் கொடி சீக்கிரம் உச்சி போகிறது.

தொங்கிய பகுதி 41. ஆக, முக்கியத் தண்டு 306 சென்டிமீட்டர், பத்தடிக்கு மயிரிழை மேல். கிளைகள் பதினொன்று. மகள் விடவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து நீட்டி, நான் அளக்க அளக்க அவள் எழுதிக் கூட்டினாள். கிளைகள் மட்டும் 11 மீட்டர் 20 சென்டிமீட்டர். மொத்தம் 14 மீட்டர் 26. அந்த எண்ணை அவள் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டாள். அத்தனையையும் தாங்கிய அடித்தண்டு என் பென்சிலின் பாதிப் பருமன்தான்.

விதைகளைப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். 212 இருந்தன. நேற்று அதிலிருந்து ஆறை எடுத்து நகவெட்டியால் கிள்ளி ஊறப்போட்டேன். இந்த முறை ஒன்றுக்குக் கட்டுக்கம்பி, ஒன்றுக்குத் தேங்காய்நார்க் கயிறு, ஒன்றுக்குத் தடித்த மூங்கில். மகள் சுவரைத் துடைத்துவிட்டு, பூஜ்ஜியக் கோட்டை அவளே போட்டிருக்கிறாள்.